நெடும்பாதையில் ஒரு நாள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கூடாரம், சாப்பாடு, படுக்கை எல்லாவற்றையும் முதுகில் தூக்கிக்கொண்டு வாரக்கணக்கில் காட்டிலும் மலையிலும் நடக்கிறவர்களைப் பார்த்தால் முதலில் கேட்பது மொத்தம் எத்தனை கிலோமீட்டர், எத்தனை மாதம் என்றுதான். நடக்கிறவருக்கு அந்தக் கணக்கெல்லாம் ரொம்பத் தூரத்தில் இருக்கிற விஷயம். அடுத்த தண்ணீர் எங்கே, மழை எப்போது பிடிக்கும், ராத்திரி எங்கே படுப்பது, இதற்குள்ளேயே அவர் நாள் முடிந்துவிடும். அதனால் இங்கே ஒரே ஒரு நாளை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கேள்விகளில் என்னிடம் மற்றவர்கள் கேட்டதும் உண்டு, முதல் தடவை கிளம்பும் முன் நான் அடுத்தவரிடம் கேட்டதும் உண்டு. சிலவற்றுக்கு அப்போது யாரும் ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை, அந்தக் கோபமும் இதில் கொஞ்சம் இருக்கும்.

நெடும்பாதை என்றால் சரியாக எது?

காலையில் போய் மாலையில் திரும்பும் மலையேற்றம் இல்லை. வழியில் பல நாள் ஊரோ கடையோ ரோடோ வராது, வந்தாலும் சாமான் நிரப்பிக்கொண்டு மறுபடி காட்டுக்குள் போய்விடுவீர்கள். அமெரிக்காவில் 1937ல் முழுமை பெற்ற அப்பலாச்சியன் பாதை ஏறக்குறைய 3,500 கிலோமீட்டர், பசிபிக் கிரெஸ்ட் பாதை சுமார் 4,265. நியூசிலாந்தின் தே அராரோவா 2011ல் திறந்தது, அது 3,000 சொச்சம். இவ்வளவு பெரியதாகத்தான் இருக்க வேண்டும் என்று இல்லை. அமெரிக்காவின் ஜான் மியூர் பாதை 340 கிலோமீட்டர் அளவுதான், நடந்து முடிக்க இரண்டு மூன்று வாரம் ஆகும், ஆனால் கீழே சொல்கிற எல்லாமே அங்கேயும் பொருந்தும்.

காலையில் எத்தனை மணிக்குக் கிளம்ப வேண்டும்?

வெளிச்சம் வந்த அரை மணி நேரத்துக்குள் கால் பாதையில் இருக்க வேண்டும் என்பது என் கட்சி. சோம்பேறித்தனத்தை ஒழிக்கிற வீராப்பு இல்லை இது. உயரமான மலைகளில் கோடைகாலத்து இடிமழை பெரும்பாலும் மதியத்துக்கு மேல்தான் திரளும், பனி உருகி ஓடுகிற ஆறு காலையில்தான் குறைவாக இருக்கும், வெயில் ஏறும் முன் ஏற்றத்தை முடித்தால் தண்ணீரும் மிச்சம். இந்த மூன்று லாபமும் விடியற்காலை ஒரு மணி நேரத்திலேயே கிடைக்கிறது, அதைத் தூங்கித் தொலைத்தால் நாள் முழுக்கத் துரத்திக்கொண்டே இருக்க வேண்டியதுதான்.

எழுந்ததும் என்ன செய்வது என்பதற்கு ஒரு வரிசை தன்னால் வந்துவிடும். தூங்கும் பைக்குள் படுத்தபடியே, அடியில் இருக்கும் காற்று ஊதிய பாயின் காற்றைப் பிடுங்கிவிட்டால் போதும், முதுகில் கல் குத்தும், அதற்கு மேல் படுக்க முடியாது. உள்ளே இருந்தே தூங்கும் பையைச் சுருட்டி, உடை மாற்றி, கடைசியில்தான் ஜிப்பைத் திறந்து வெளியே வருவது. கூடாரம் எப்போதும் ஈரமாகத்தான் இருக்கும், மழையே பெய்யாவிட்டாலும். ராத்திரி முழுக்க நீங்கள் விட்ட மூச்சு உள்பக்கத் துணியில் முத்து முத்தாக நின்றுகொண்டிருக்கும், தலை லேசாக முட்டினால் பத்துச் சொட்டு கழுத்துக்குள் இறங்கும். அதைத் துடைக்கிற சின்னத் துணி ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். முதல் வாரத்தில் எனக்கு இதெல்லாம் முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது, மூன்றாவது வாரத்தில் முப்பத்தைந்து நிமிடம்.

ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் நடக்கலாம்?

தூரத்தை மட்டும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள், ஏற்றத்தையும் சேர்த்துப் போடுங்கள். வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892ல் சொன்ன கணக்கு இன்றைக்கும் ஓடுகிறது: 5 கிலோமீட்டருக்கு ஒரு மணி நேரம், அப்புறம் ஒவ்வொரு 600 மீட்டர் ஏற்றத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். 16 கிலோமீட்டர் பாதையில் 1,200 மீட்டர் ஏற்றம் இருந்தால் ஐந்து மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் வருகிறது. இதில் ஓய்வு இல்லை, தண்ணீர் எடுக்கும் நேரம் இல்லை, பையின் கனம் இல்லை, பாதையில் விழுந்து கிடக்கும் மரத்தைச் சுற்றிப் போவது இல்லை. நான் வருகிற விடையை ஒன்றரை மடங்காக்கிக்கொள்வேன், பெரும்பாலும் அதுதான் சரியாக வருகிறது.

புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் வாரம் 12 முதல் 16 கிலோமீட்டர் போதும். மூச்சும் தசையும் இரண்டு வாரத்தில் தேறிவிடும், ஆனால் தசைநாரும் மூட்டும் அவ்வளவு சீக்கிரம் பழகாது. நான்காவது நாள் உடம்பு "இன்னும் எட்டுக் கிலோமீட்டர் போகலாம்" என்று ஆசை காட்டும், அதை நம்பிப் போனவர்கள்தான் முழங்காலுக்கு மேலும் கீழும் துணி சுற்றிக்கொண்டு பத்தாவது நாள் ஊர் திரும்புகிறார்கள். நெடும்பாதையில் நடப்பது யாருக்கும் பழகிவிடும், நிற்க வேண்டிய நேரத்தில் நிற்பதுதான் பழகமாட்டேன் என்கிறது. கீழே வரும் பதில்களில் பாதி, சுற்றிச் சுற்றி இந்த ஒன்றில்தான் வந்து நிற்கும்.

பை எவ்வளவு கனம் இருக்கலாம்?

சாப்பாடு, தண்ணீர், அடுப்பு எரிபொருள் மூன்றையும் விட்டுவிட்டு மீதியை எடை போடுங்கள். அதை அடிப்படை எடை என்பார்கள். 9 கிலோவுக்குக் கீழே இருந்தால் நல்லது, நாலரைக் கிலோவுக்குக் கீழே கொண்டுவருகிறவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பல் துலக்கும் பிரஷின் கைப்பிடியைக்கூட வெட்டிவிடும் ரகம். சும்மா சிரிக்கச் சொல்லவில்லை, நானே ஒரு காலத்தில் வெட்டியிருக்கிறேன், பல் துலக்கும்போது விரல் வாய்க்குள் போனதுதான் மிச்சம்.

உங்கள் அடிப்படை எடை 8 கிலோ என்று வைப்போம். ஐந்து நாள் சாப்பாடு நாளைக்கு 800 கிராம் வீதம் 4 கிலோ. இரண்டு லிட்டர் தண்ணீர் 2 கிலோ. எரிபொருளைச் சேர்க்காமலே 14 கிலோ. இதைத் தூக்கிக்கொண்டு ஊருக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு ஏற்றத்தில் மூன்று மணி நேரம் நடந்து பாருங்கள், எதைத் தூக்கி வெளியே போட வேண்டும் என்று தோளே சொல்லும். பெரும்பாலும் அது இரண்டாவது பேன்ட், மூன்றாவது சட்டை, "ஒருவேளை தேவைப்பட்டால்" என்று எடுத்த சாமான்கள்.

எம்மா கேட்வுட் என்ற அமெரிக்கப் பெண்மணி 1955ல், தன் 67வது வயதில், அப்பலாச்சியன் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். காலில் கேன்வாஸ் ஷூ, தோளில் தானே தைத்த துணிப்பை, மழைக்கு ஒரு குளியலறைத் திரை. கூடாரமும் இல்லை, தூங்கும் பையும் இல்லை. அவரைப் போலவே போங்கள் என்று நான் சொல்லவில்லை, குளிரில் அது ஆபத்து. கடையில் ஐம்பதாவது பொருளை எடுக்கும்போது மட்டும் அவரை ஒரு தடவை நினைத்துக்கொள்ளுங்கள்.

கொப்புளம் வராமல் எப்படிப் பார்த்துக்கொள்வது?

கொப்புளம் திடீரென்று வருவதில்லை. வருவதற்கு முன் அந்த இடத்தில் சூடு தெரியும். குதிகாலின் பின்பக்கமோ, சுண்டு விரலின் ஓரமோ, யாரோ வெதுவெதுப்பான நாணயத்தை வைத்து அழுத்துவது போல. அந்த நிமிடமே நிற்க வேண்டும். அடுத்த வளைவில் இல்லை, ஏற்றம் முடிந்தபின் இல்லை.

பையை இறக்கி, ஷூவைக் கழற்றி, சாக்ஸை உள்பக்கம் வெளியாகத் திருப்பி உதறுங்கள். ஒரு மணல் துகளோ புல் விதையோ விழும், அநேகமாக அதுதான் குற்றவாளி. பாதத்தைக் காற்றில் ஐந்து நிமிடம் ஆறவிட்டு, நன்றாக உலர்ந்த தோலில் ஒட்டும் நாடாவைச் சுருக்கமில்லாமல் ஒட்டுங்கள். நாடாவின் மூலைகளை முன்கூட்டியே வட்டமாகக் கத்தரித்துவிட்டால் உரிந்து வராது. மொத்தம் பத்து நிமிட வேலை.

நான் ஒரு தடவை நிற்கவில்லை. கூட வந்தவர் முன்னால் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தார், நிற்கச் சொல்ல வெட்கம், இன்னும் நாற்பது நிமிடம்தானே என்று பல்லைக் கடித்துக்கொண்டு போய்விட்டேன். கீழே போய் சாக்ஸைக் கழற்றினால் குதிகாலில் நெல்லிக்காய் அளவு நீர் கோத்திருக்கிறது. அடுத்த இரண்டு நாள் அந்தக் காலை ஊன்றாமல் நடந்ததில் மறுகாலின் முழங்கால் பிடித்துக்கொண்டது, மொத்தத்தில் ஒரு வாரம் போயிற்று. பத்து நிமிடத்தை மிச்சம் பிடித்த லட்சணம்.

ஷூவைப் பற்றி ஒன்று. நாள்கணக்கில் நடந்தால் பாதம் வீங்கும், அதனால் வழக்கமான அளவை விட அரை அல்லது ஒரு அளவு பெரிதாக வாங்குங்கள், அதுவும் மாலையில் போய் வாங்குங்கள். கணுக்காலை மூடும் கனத்த பூட்ஸ் எல்லோருக்கும் தேவையில்லை, இன்று பெரும்பாலோர் லேசான ஓட்டக் காலணியில்தான் நடக்கிறார்கள், நனைந்தாலும் அது சீக்கிரம் காயும்.

தண்ணீர் எவ்வளவு எடுத்துப்போக வேண்டும்?

மிதமான வெயிலில் மணிக்கு அரை லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள், கடும் வெயிலிலும் ஏற்றத்திலும் இரட்டிப்பாகலாம். ஆனால் நல்ல கேள்வி "எவ்வளவு" இல்லை, "அடுத்தது எங்கே" என்பதுதான். ஒரு லிட்டர் ஒரு கிலோ. எட்டுக் கிலோமீட்டரில் நல்ல ஓடை இருக்கும்போது மூன்று லிட்டரைச் சுமப்பது முட்டாள்தனம், முப்பது கிலோமீட்டருக்கு ஒன்றுமில்லாத இடத்தில் இரண்டு லிட்டரோடு கிளம்புவது அதைவிடப் பெரிய முட்டாள்தனம். ஓடை வந்ததும் அங்கேயே உட்கார்ந்து வயிறு நிறையக் குடித்துவிட்டுக் கிளம்புங்கள், வயிற்றில் இருக்கும் தண்ணீர் தோளை அறுக்காது. வரைபடத்தில் நீலக் கோடு இருக்கிறது என்று நம்பிவிடாதீர்கள், கோடையின் கடைசியில் பாதி நீலக் கோடுகள் வெறும் கூழாங்கல்லாகத்தான் கிடக்கும். எதிரில் வருகிறவரிடம் முதலில் கேட்க வேண்டியது ஊர் பேர் இல்லை, "மேலே தண்ணீர் ஓடுகிறதா?"

மலை ஓடைத் தண்ணீர் சுத்தம்தானே? அப்படியே குடித்தால் என்ன?

கண்ணாடி மாதிரி இருக்கும், உள்ளே ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணி இருக்கலாம். மேலே ஏதாவது மிருகம் கழித்துவிட்டுப் போயிருந்தால் போதும். குடித்த ஒன்றிரண்டு வாரம் கழித்து வயிற்றைப் பிடுங்கும், அப்போது எந்த ஓடை என்றுகூட ஞாபகம் இருக்காது.

பெரும்பாலோர் வைத்திருப்பது மெல்லிய குழல் இழைகள் அடைத்த சின்ன ஃபில்டர், 0.1 மைக்ரான் துளைகள், பாக்டீரியாவும் ஜியார்டியாவும் நிற்கும், வைரஸ் நிற்காது. ஆள் நடமாட்டமும் கால்நடையும் அதிகமுள்ள பகுதி என்றால் தண்ணீரைச் சுத்தமாக்கும் மாத்திரையோ கொதிக்க வைப்பதோ சேர்த்துச் செய்யுங்கள். கொதி வந்தபின் ஒரு நிமிடம் போதும், 2,000 மீட்டருக்கு மேலே மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். குளோரின் டையாக்சைடு மாத்திரை கிரிப்டோஸ்போரிடியம் என்ற இன்னொரு ஒட்டுண்ணியையும் கொல்ல வேண்டுமானால் நான்கு மணி நேரம் காத்திருக்க வேண்டும், இதைப் பலர் படிப்பதேயில்லை.

ஒரு எச்சரிக்கை. நனைந்த ஃபில்டர் ஒரு தடவை உறைந்துவிட்டால் முடிந்தது கதை. உள்ளே இழைகள் வெடித்திருக்கும், வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் வழக்கத்தைவிட நன்றாகவே வரும்! நான் ஒரு ராத்திரி அதைக் கூடாரத்துக்கு வெளியே பாட்டிலோடு மறந்துவிட்டேன், காலையில் பாட்டிலில் பனிக்கட்டி. உடைந்ததா இல்லையா என்று யோசித்துக்கொண்டு குடிப்பதற்குப் பதில் அதைக் குப்பைப் பைக்குள் போட்டுவிட்டு, அடுத்த ஊர் வரை மூன்று நாள் கொதிக்க வைத்தே குடித்தேன், எரிபொருள் மயிரிழையில் மிஞ்சியது. அன்றிலிருந்து குளிர் ராத்திரிகளில் ஃபில்டர் ஒரு ஜிப் கவரில் என்னோடு தூங்கும் பைக்குள்தான் தூங்குகிறது, போன் பேட்டரியும் பக்கத்தில்.

நாள் முழுக்க என்ன சாப்பிடுவது?

முழு நாள் சுமையோடு நடந்தால் 3,000 முதல் 5,000 கலோரி வரை எரியும், அதை முழுதாகத் தூக்கிப்போக முடியாது. அதனால் எடைக்கு அதிகச் சக்தி தருவதைத் தேடுவோம். கொழுப்பு கிராமுக்கு 9 கலோரி, மாவுச்சத்தும் புரதமும் 4. கொட்டைகள், கடலை வெண்ணெய், எண்ணெய், சாக்லெட் எல்லாம் பையில் இருப்பதற்கு இதுதான் காரணம். எந்தப் பொட்டலத்தையும் வாங்கும் முன் 100 கிராமுக்கு எத்தனை கலோரி என்று திருப்பிப் பாருங்கள், 400க்குக் கீழே இருந்தால் கீழே வையுங்கள்.

மூன்று வேளைச் சாப்பாடு என்ற பழக்கம் இங்கே உதவாது. மணிக்கொரு தடவை ஒரு கைப்பிடி, பசித்தாலும் பசிக்காவிட்டாலும். பசி தெரியும்போது ஏற்கெனவே தாமதம், அடுத்த அரை மணி நேரம் காலும் ஓடாது மூளையும் ஓடாது, பாதைக் குறியைத் தாண்டிப் போவதும் கூட வருகிறவரிடம் எரிந்து விழுவதும் அப்போதுதான். ஒரு சுற்றில் சண்டை போட்ட இருவரையும் உட்கார வைத்து ஆளுக்கு ஒரு பிடி கொட்டையும் இனிப்பும் கொடுத்தேன், பத்து நிமிடத்தில் எதற்குச் சண்டை என்றே மறந்துவிட்டார்கள்.

முதல் வாரம் பசியே இருக்காது, வாங்கிய சாப்பாடு மிஞ்சும். இரண்டு மூன்று வாரம் கழித்து வரும் பாருங்கள் ஒரு பசி, அதற்கு அடி ஆழம் கிடையாது.

பாலம் இல்லாத ஆறு குறுக்கே வந்தால்?

முதல் கேள்வி எப்படித் தாண்டுவது இல்லை, தாண்ட வேண்டுமா என்பது. கலங்கி, சத்தமாக, கல் உருளும் ஒலியோடு ஓடினால் திரும்புங்கள் அல்லது அங்கேயே கூடாரம் போட்டு விடியும் வரை காத்திருங்கள், பனி உருகி ஓடும் ஆறு என்றால் காலையில் கணிசமாக இறங்கியிருக்கும். பாதை ஆற்றைத் தொடும் இடமே தாண்டச் சரியான இடம் என்று இல்லை. மேலும் கீழும் நடந்து, ஆறு அகலமாகப் பரந்து ஓடும் இடத்தைத் தேடுங்கள், குறுகலான இடம் பார்க்கச் சுலபமாக இருக்கும், ஆனால் ஆழமும் வேகமும் அங்கேதான். கீழ்ப்பக்கம் அருவியோ விழுந்த மரமோ இருந்தால் அந்த இடம் வேண்டாம்.

பையின் இடுப்புப் பட்டையையும் மார்புப் பட்டையையும் அவிழ்த்துவிட்டு இறங்குங்கள், விழுந்தால் பையை உதறிவிட முடிய வேண்டும். முகம் நீரோட்டத்தைப் பார்த்திருக்கட்டும், குச்சியை முன்னால் ஊன்றி, ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் பக்கவாட்டில் நகர்த்துங்கள். வெறுங்காலோடு வேண்டாம்.

இடி இடித்தால் எங்கே ஒதுங்குவது?

மின்னலுக்கும் இடிக்கும் நடுவே எண்ணுங்கள். மூன்று வினாடிக்கு ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் வந்துவிட்டால் நீங்கள் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். மலை முகட்டில் இருந்தால் உடனே இறங்குங்கள், உச்சி இன்னும் இருநூறு மீட்டர்தான் என்றாலும். தனியாக நிற்கும் மரத்தடி, பாறைக் குகையின் வாய், வெட்டவெளி, தண்ணீர் ஓரம் எல்லாமே மோசம். ஒரே உயரத்தில் மரங்கள் அடர்ந்த தாழ்வான காடுதான் இருப்பதில் பரவாயில்லை. கூடாரம் மின்னலைத் தடுக்காது. குழுவாக இருந்தால் விலகி விலகி நில்லுங்கள், ஒரே அடியில் எல்லோரும் விழாமல் இருக்க. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் கழித்துத்தான் மேலே ஏற வேண்டும்.

மழையில் நடக்கலாமா?

நடக்கத்தான் வேண்டும், வேறு வழியில்லை. எந்த மழைக் கோட்டும் நாள் முழுக்கத் தாங்காது, வெளியிலிருந்து மழையும் உள்ளிருந்து வேர்வையுமாக எப்படியும் நனைவீர்கள். ஈரமாக இருப்பதைவிட ஈரமும் காற்றும் நிற்பதும் சேர்வதுதான் ஆபத்து. உறைபனி கூடத் தேவையில்லை, எட்டுப் பத்து டிகிரியிலேயே உடல் வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போய்விடும் அளவுக்கு நிலைமை முற்றலாம். பருத்தி உடை வேண்டாம் என்று ஓயாமல் சொல்வது இதற்குத்தான், நனைந்தால் உடம்போடு ஒட்டிச் சூட்டை உறிஞ்சும்.

அடையாளம் சின்னதாகத் தொடங்கும்: ஜிப்பைப் பிடிக்க விரல் வராது, பேச்சு குழறும், சமதரையில் கால் இடறும். கூட வருகிறவர் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று சொன்னாலும் நம்பாதீர்கள். கூடாரத்தைப் போட்டு, உலர்ந்த உடை மாற்றி, தூங்கும் பைக்குள் தள்ளி, இனிப்பாகச் சூடாக ஏதாவது குடிக்கக் கொடுங்கள். தூங்கும்போது போடும் ஒரு ஜோடி உடை எந்த மழையிலும் நனையாத பையில் இருக்க வேண்டும், பகலில் எவ்வளவு குளிரினாலும் அதைத் தொடக்கூடாது.

வழி தவறிவிட்டால்?

நில்லுங்கள். வேகமாக நடந்து சரிசெய்யப் பார்ப்பதுதான் முதல் தப்பு. தண்ணீர் குடித்து, எதையாவது தின்று, கடைசியாகப் பாதைக் குறியைப் பார்த்த இடம் எது என்று யோசியுங்கள், வந்த வழியே அங்கே திரும்புங்கள். குறுக்கே இறங்கினால் பாதையைப் பிடித்துவிடலாம் என்று தோன்றும், தோன்றட்டும், இறங்காதீர்கள்.

போனில் சிக்னல் இல்லாவிட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும், வரைபடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால். விமானப் பயன்முறையில் வைத்தால் பேட்டரி பல நாள் வரும். குளிரில் போன் சொல்லாமல் கொள்ளாமல் அணையும் என்பதால் காகித வரைபடமும் இருக்கட்டும். செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சின்னக் கருவி விலை அதிகம்தான், தனியாகப் போகிறவர் அதில் கஞ்சத்தனம் பார்க்க வேண்டாம். விசில் நூறு ரகத்தில் எதுவானாலும் சரி. உதவி கேட்க, ஆல்ப்ஸ் மலை முறையில் நிமிடத்துக்கு ஆறு ஊதல், ஒரு நிமிட இடைவெளி, மறுபடி ஆறு. வட அமெரிக்காவில் மூன்று.

மிருகங்கள்?

கரடிப் பயத்தோடு வருகிறவர்களின் சாப்பாட்டுப் பையில் ஓட்டை போடுவது பெரும்பாலும் எலிதான். கரடி உள்ள சில பகுதிகளில் திறக்க முடியாத உருளை டப்பா கட்டாயம், சாப்பாடு மட்டுமல்ல, பற்பசையும் களிம்பும் அதற்குள்தான் போக வேண்டும், டப்பா கூடாரத்திலிருந்து ஒரு அறுபது எழுபது தப்படியாவது தள்ளி இருக்க வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு மிட்டாய்த் தாள்கூட வேண்டாம்.

கழிப்பறை?

இதை எல்லோரும் கடைசியில் மெதுவாகக் கேட்பார்கள். தண்ணீர், பாதை, கூடாரம் மூன்றிலிருந்தும் 60 மீட்டராவது, அதாவது எழுபது எண்பது தப்படி தள்ளிப் போய், 15 முதல் 20 சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி தோண்டி, முடிந்ததும் மண்ணால் மூடுங்கள். சின்ன மண்வாரி ஒன்று ஐம்பது கிராம்கூட இராது. காகிதத்தை இரட்டைக் கவரில் திருப்பி எடுத்து வாருங்கள், மாதவிடாய்ப் பஞ்சும் பட்டையும் அப்படித்தான், மாதவிடாய்க் கோப்பை வைத்திருப்பவர்களுக்குச் சுமை குறைவு. அப்புறம் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். பாதையில் வரும் வயிற்றுப்போக்கில் ஓடையைவிடக் கைக்குத்தான் பங்கு அதிகம் என்பது என் சந்தேகம், அதனால் கொட்டைப் பொட்டலத்துக்குள் யாரையும் கையை நுழைக்க விடுவதில்லை, அவர் உள்ளங்கையில் கொட்டிவிடுவேன்.

கூடாரம் எங்கே, எப்போது போடுவது?

கையை நீட்டி, நான்கு விரலைப் படுக்கையாகச் சேர்த்துச் சூரியனுக்கும் தொடுவானத்துக்கும் நடுவே பிடியுங்கள். ஒரு விரலுக்குப் பதினைந்து நிமிடம். இரண்டு கை அகலம் இருக்கும்போதே இடம் தேடத் தொடங்கிவிடுவேன். இருட்டில் தேடினால் எல்லா இடமும் சமமாகத்தான் தெரியும்.

முதலில் மேலே பாருங்கள்: பட்ட மரமோ தொங்கும் கிளையோ இருந்தால் நகருங்கள். பிறகு தரையைப் பாருங்கள். ஓடைக்கரைப் புல்வெளி அழகாக இருக்கும், ஆனால் குளிர்காற்று கனமானது, ராத்திரியில் சரிவு வழியே இறங்கி அங்கேதான் தேங்கும். முப்பது மீட்டர் மேலே மரங்களுக்கு நடுவே போட்டால் குளிரும் குறைவு, காலையில் ஈரமும் குறைவு. லேசாகக் குழிந்த இடம் படுக்கச் சுகம்தான், ஒரு மணி நேர மழை போதும் அது குட்டையாக. போடும் முன் பாய் இல்லாமல் தரையில் அப்படியே படுத்துப் பாருங்கள், தலை எந்தப் பக்கம் என்று அப்போது தெரியும்.

ராத்திரி குளிராமல் தூங்க?

மேலே போர்த்துவதைவிடக் கீழே விரிப்பது முக்கியம். உடம்பு அழுத்தும் இடத்தில் தூங்கும் பையின் பஞ்சு நசுங்கிவிடும், பாய் ஒன்றுதான் தரையின் குளிரைத் தடுக்கும். படுக்கும் முன் கொழுப்பாக ஏதாவது தின்னுங்கள். நன்றாக மூடும் பாட்டிலில் வெந்நீர் நிரப்பித் தொடைக்கு நடுவே வைத்துக்கொண்டால் விடியற்காலை வரை வெதுவெதுப்பு. சிறுநீர் வந்தால் அடக்கிக்கொண்டு படுக்காதீர்கள், தூக்கமும் வராது, எழுந்து போய்விட்டு வந்தால் ஐந்தே நிமிடத்தில் தூங்கிவிடுவீர்கள்.

முதல் சில ராத்திரிகள் ஒவ்வொரு சருகுச் சத்தத்துக்கும் விழிப்பு வரும். அது இயல்பு.

தனியாக நடந்தால் போரடிக்காதா?

அடிக்கும். பிற்பகல் இரண்டிலிருந்து நான்கு வரை, அன்றைக்கு நல்லது எதுவும் மிச்சமில்லை என்று தோன்றும் நேரம் ஒன்று உண்டு. காட்சி மாறாது, தோள் வலிக்கும், காலையில் கேட்ட ஏதோ ஒரு பாட்டின் ஒரே வரி தலைக்குள் முந்நூறு தடவை ஓடும். அப்போது வீட்டுக்குப் போய்விடலாமா என்ற முடிவை மட்டும் எடுக்காதீர்கள். உட்கார்ந்து, ஷூவைக் கழற்றி, தின்றுவிட்டு, இருபது நிமிடம் கழித்து யோசியுங்கள். மறுநாள் காலையிலும் அதே எண்ணம் இருந்தால் சரி, போங்கள், அதில் அவமானம் ஒன்றுமில்லை. வாரத்துக்கு ஒரு நாள் நடக்காமல் இருப்பதும் திட்டத்தில் இருக்க வேண்டும், நெடும்பாதைக்காரர்கள் அதை ஜீரோ நாள் என்பார்கள்.

நேற்று நனைந்த சாக்ஸையா மறுநாள் காலையில் போடுவது?

ஆமாம். உலர்ந்த ஜோடி தூங்குவதற்கு, அதைப் போட்டுக்கொண்டு நடந்தால் பத்தாவது நிமிடம் இரண்டு ஜோடியும் ஈரம். ராத்திரி நன்றாகப் பிழிந்து, வயிற்றின் மேல் போட்டுக்கொண்டு தூங்கினால் பாதி காயும். மீதிப் பாதியைப் பல்லைக் கடித்துக்கொண்டு மாட்டிக்கொண்டு எழுந்து நடக்க வேண்டியதுதான், முதல் ஏற்றம் வருவதற்குள் சூடாகிவிடும்.